அறிவியல் மையத்தால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று எப்படி அளப்பது?

பொருநைக்கரை (கேள்வி):
தென்மாவட்டம் ஒன்றில் சிறிய அறிவியல் மையத்தில் ஆறு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். பள்ளிக்கூட வேன் வந்து நின்றால் பிள்ளைகளை வரிசைப்படுத்தி, குழி ஆடிக்கு முன்னால் அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகு விளக்கம் சொல்வது என் வேலை.

ஆண்டறிக்கைக்காக ‘சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம்’ என்று அரைப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது டிக்கெட் கணக்கு மட்டும். போன வருடத்தைவிடக் கூட்டம் அதிகம்தான். ஆனால் இரண்டு முறை வந்த பள்ளியும், மழைக்கு ஒதுங்கி டிக்கெட் எடுத்தவர்களும் அதில் சேர்த்தி. கருத்துப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக ‘மிகவும் அருமை’. டீச்சர் முதல் வரியில் எழுதுவதைப் பார்த்து நாற்பது பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள்.

நான் கண்ணால் பார்த்தது வேறு. டிசம்பரில் ஒரு பையன் தன் அம்மாவையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று மாதம் முன்பு பள்ளியோடு வந்தவன். ஊசல் அருகே நின்று, நான் அன்று சொன்னதை என் கையசைவோடு சேர்த்துத் தாத்தாவுக்குச் சொன்னான். கேட்டுக்கொண்டே நின்றேன், கண் கலங்கிவிட்டது. இதை அறிக்கையில் எங்கே எழுதுவது? இதை எண்ண வழி இருக்கிறதா?

புள்ளிவிவரன்:
பல வருடம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு செய்தவன் என்பதால் சொல்கிறேன். வாசலில் நின்று எண்ணினால் வாசலைப் பற்றித்தான் தெரியும். ஊரைப் பற்றித் தெரிய ஊருக்குள் போக வேண்டும்.

இதை நன்றாகச் செய்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே கலிஃபோர்னியா சயின்ஸ் சென்டர் 1998-ல் புதிய வடிவில் திறந்தது. ஜான் ஃபால்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வந்தவர்களை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. 2000-த்தில் 800-க்கு மேற்பட்டவர்களையும், 2009-ல் 1,000-க்கு மேற்பட்டவர்களையும் நகரம் முழுவதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துப் போனில் விசாரித்தார்கள். மையத்துக்கு வந்தவர், வராதவர் இருவரும் அதில் உண்டு.

அவர்கள் கையாண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மையத்தில் டெஸ் என்று 50 அடி நீளப் பெண் உருவம் ஒன்று, கை கால் அசைத்துப் பாடம் நடத்தியது. உடம்பு தன் சூட்டையும் நீரையும் தானே ஒரு நிலையில் பார்த்துக்கொள்கிறது, ஹோமியோஸ்டேசிஸ் என்கிறார்களே, அதுதான் பாடம். பெரியவர்களில் அநேகருக்குத் தெரியாத சொல் அது. மையம் திறக்கும்போது நூற்றுக்கு 7 பேரால்தான் விளக்க முடிந்தது. பத்து வருடம் கழித்து 20 பேர். வாய்க்காலில் ஓரிடத்தில் சாயத்தைக் கரைத்துவிட்டு, எந்த வயலில் அந்த நிறம் வருகிறது என்று பார்ப்பது போல. ‘பயனுள்ளதாக இருந்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். இந்தக் கேள்விக்கு அப்படி ஆமாம் போட முடியாது.

உங்கள் மையத்துக்கும் அப்படி ஒரு சாயம் தேடுங்கள்.

மல்லிகா டீச்சர்:
ஒரு சந்தேகம். அறிவியலில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள்தானே மையத்துக்கு வருவார்கள்? அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தால் அது மையத்தின் வேலையா, அவர்களுடைய ஆசையின் வேலையா?

இன்னொன்று. லண்டனில் எமிலி டாசன் என்ற ஆய்வாளர் சோமாலி, சியரா லியோன், லத்தீன் அமெரிக்கச் சமூகங்களைச் சேர்ந்தவர்களோடு அருங்காட்சியகங்களுக்குக் கூடவே போய்ப் பார்த்து 2014-ல் எழுதினார். மொழி புரியவில்லை, எதை எப்படித் தொடுவது என்று தெரியவில்லை, இது நமக்கான இடமில்லை என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள். டிக்கெட் கணக்கில் அவர்களும் ஒரு எண்தான்! என் வகுப்பில் அப்படித் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் வராதவர்களிடம் அவசியம் கேளுங்கள்.

புள்ளிவிவரன்:
டீச்சர் சொல்வது நியாயம். பேட்டி மட்டும் அதைத் தீர்க்காது. வருட இடைவெளி விட்டு ஊரையே இரண்டு முறை அளந்ததும், அந்தச் சாயமும் இருந்ததால்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் முடிவுக்குக் கொஞ்சம் பலம்.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. ‘நிழலில்லா நாள்’ பற்றிக் கேட்கலாமா? நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாத நாள். எங்கள் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வரும், நாங்கள் கம்பு நட்டுக் காட்டுவோம்.

புள்ளிவிவரன்:
வேண்டாம். அது எல்லாப் பேப்பரிலும் வரும். சாயம் ஏற்கெனவே வாய்க்கால் முழுக்கக் கலந்துகிடக்கிறது. உங்களிடம் மட்டும் உள்ளது எது?

பொருநைக்கரை:
யோசித்தேன். பூங்காவின் இரண்டு முனையிலும் ஆளுயரத்துக்குக் கிண்ணம் போல இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் வாய்வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்த்தட்டின் முன் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். இந்த வட்டாரத்தில் வேறெங்கும் இல்லை. எனவே கேள்வி: ‘அறுபது அடி தள்ளி நிற்பவரிடம் போன் இல்லாமல், கத்தாமல் பேச முடியுமா? எப்படி?’

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் 31 பேரிடம் கேட்டேன். மூன்று பேர் தட்டைச் சொன்னார்கள். வளைவு ஒலியைத் திருப்பி ஓரிடத்தில் குவிக்கிறது என்று சொன்னவர் ஒருவர், மெக்கானிக். 31 பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தாலும் இது முதல் வருடத்து அளவு. அடுத்த வருடம் இதே இடத்தில் இன்னும் அதிகம் பேரிடம் கேட்பேன். அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன், அந்தப் பையனையும் சேர்த்து.

தட்டைச் சொன்ன மூவரில் ஒருவர் எங்கள் கேட்டுக்கு எதிரே சுக்குக்காப்பி விற்கும் அக்கா. ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. “பேத்தி சொன்னா, அங்க பேசினா இங்க கேக்குமாமே” என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குள்ளதுல்லா? எங்களை விடுவாங்களா?” என்றார்.

ஆறு வருடமாக தினமும் அவரிடம் காப்பி குடிக்கிறேன், ஒரு முறைகூட ‘வாங்க அக்கா’ என்று கூப்பிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் இருக்காது, பேத்தியோடு வரச் சொல்லியிருக்கிறேன். மல்லிகா டீச்சர், வராதவர்களிடம் வேறு என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா?