கொலம்பியா காபி மண்டலத்தில் பழைய வீட்டுக் கஃபேக்கள்: சலென்டோவா, ஃபிலாந்தியாவா?

கேள்வி (ஊர்சுற்றி):
பிப்ரவரியில் காபி மண்டலத்தின் கிண்டியோ மாநிலப் பக்கம் நான்கு நாள். தோட்டச் சுற்றுலா வேண்டாம். பழைய வீட்டுக் கஃபேயில் அவசரமில்லாமல் உட்கார்ந்து, அங்கேயே விளைந்த காபியைக் குடிக்க வேண்டும். எந்த ஊரில் தங்கலாம்? கொலம்பியாவிலேயே காபி சுமார்தான் என்கிறார்களே, நிஜமா?

மலைநாடன்:
ஃபிலாந்தியாவில் தங்குங்கள். சலென்டோவின் காயே ரியல் தெரு அழகுதான், ஆனால் பக்கத்திலுள்ள கொகோரா பள்ளத்தாக்கைப் பார்க்க வரும் கூட்டம் முழுக்க அங்கேதான் மொய்க்கும். அந்தக் கூட்டம் காலையிலேயே ஜீப் ஏறிவிட்டு மதியத்துக்குப் பிறகுதான் திரும்பும். அதனால் சலென்டோ என்றால் வாரநாளில் 9 முதல் 11 மணி. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பல அரசு விடுமுறைகளைச் சட்டப்படியே திங்களுக்கு மாற்றிவிடுவார்கள், அப்போது திங்களும் கூட்டம்தான்; காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்டியோவின் தலைநகரான அர்மேனியாவிலிருந்து இரண்டு ஊருக்கும் பஸ் உண்டு, சுமார் ஒரு மணி நேரம். அர்மேனியாவுக்குள் பழைய வீடு தேடி அலையாதீர்கள். 1999 ஜனவரி நிலநடுக்கத்தில் நிறையப் போய்விட்டது.

டிகாஷன்:
"சுமார்" என்று சொல்பவர்கள் குடித்தது டிண்டோவாக, அதாவது அங்கத்திய சாதாரணக் கறுப்புக் காபியாக இருக்கும். நல்ல கொட்டை ஏற்றுமதிக்குப் போய், கழித்துப்போட்ட பாசிய்யா கொட்டை உள்ளூருக்கு என்பதுதான் நெடுநாள் வழக்கம். அதைக் கருக வறுத்து, காய்ச்சி, மணிக்கணக்காகத் தெர்மாஸில் வைத்தால் கசக்காமல் என்ன செய்யும்?

மெனுவில் "மேத்தோதோஸ்" (காபி இறக்கும் முறைகள்) என்ற பகுதியைப் பாருங்கள்: வி60, கெமெக்ஸ் (இரண்டும் வடிதாள் வைத்து ஊற்றி வடிப்பவை), பிரென்ஸா (ஃப்ரெஞ்ச் பிரஸ்). அங்கேதான் தோட்டம், ரகம், பதப்படுத்திய விதம் எல்லாம் எழுதியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் "லவாதோ" (பழச்சதையை நீக்கிக் கழுவி உலர்த்தியது) கேளுங்கள், சுத்தமான சுவை. "நாச்சுரல்" (பழத்தோடேயே உலர்த்தியது) புளித்த பழவாசனை அடிக்கும், எல்லோருக்கும் ஒத்துவராது. 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர் சரியான கணக்கு.

இன்னொன்று. இரண்டு ஊரும் சுமார் 1,900 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். காபி வடிக்கும் கூம்பையும் குவளையையும் வெந்நீரில் அலசாமல் ஊற்றினால் சூடு இன்னும் இறங்கி, சாறு முழுதாக இறங்காது. காபி நீர்த்துப் புளிக்கும். அலசச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

சுண்ணாம்புச்சுவர்:
கட்டடம் பற்றி. அங்கத்திய பழைய வீடு பெரும்பாலும் பஹரெக்கே: குவாதுவா மூங்கில் சட்டம், மேலே மண்பூச்சு. வண்ணம் பூசிய கான்கிரீட் போலிகளும் உண்டு. பூச்சு உதிர்ந்த மூலையைப் பாருங்கள், மூங்கில் பட்டை தெரிந்தால் அசல்.

தெருப்பக்க பால்கனியைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள். ஜீப் இரைச்சல், சாயங்கால மழைச் சாரல் இரண்டும் அங்கேதான். உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் கேளுங்கள். மாடியில் படிக்கட்டுப் பக்கம் வேண்டாம், யாராவது ஏறினாலே பலகைத்தளம் அதிர்ந்து மேசை ஆடும்.

ஊர்சுற்றி:
அருமை. கொட்டை வாங்கி வரலாமா? டிப்ஸ் எப்படி?

டிகாஷன்:
தாராளமாக. அங்கே பெரிய அறுவடை அக்டோபர்–டிசம்பர் என்பதால் புது விளைச்சலே கிடைக்கும். அரைக்காத கொட்டையாக, பையில் வறுத்த தேதி இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். தேதி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வறுத்து ஒரு வாரம் ஆறவிட்டுப் பிரித்தால் நல்லது.

டிப்ஸ் 10 சதவீதம். பில்லில் சேர்க்குமுன் உங்களைக் கேட்டாக வேண்டும், மறுக்கலாம். பெசோவாகச் சில்லறை வைத்திருங்கள், சின்னக் கடைகளில் கார்டு எடுக்காது.