அரசமரத்தடியில் ‘தானே’ புயல் கட்டைகள்: வேணுமா, வேண்டாமா?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடி அரசமரத்தடியில் ஒன்று செய்யலாம் என்று நாலைந்து பேர் கிளம்பியிருக்கிறோம். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் சாய்ந்த பலா, வேம்பு, முந்திரிக் கட்டைகள் பண்ருட்டிப் பக்கம் சில கொல்லைகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வாங்கிச் செதுக்கி, மரத்தைச் சுற்றி வட்டமாக உட்காரப் போடுவது. எந்த ஊர் மரம், யார் தோப்பு என்று ஒவ்வொன்றிலும் பொறிப்பது. கட்டை கொடுத்தவருக்கு ஒரு கன்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே கூடிப் பேச்சு, பாட்டு, கூத்து. என்ன சொல்றீங்க?

வேர்பிடி:
கூத்துன்னா கூட்டம் வரும், ஜெனரேட்டர் வரும், சீரியல் லைட் வரும், அதைக் கட்ட மரத்துல ஆணி வரும். வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? தண்ணி இழுக்குற சின்ன வேர் பெரும்பாலும் மேல்மண்ணுல ஒண்ணு ரெண்டு அடிக்குள்ளதான் இருக்கு. மாசாமாசம் நூறு பேர் மிதிச்சா மண் இறுகி மழைத்தண்ணி உள்ள இறங்காது. அடுத்த வருஷம் யாராவது வந்து "கட்டை எதுக்கு, சிமென்ட் மேடையே போட்டுடலாம்"பாங்க. அப்புறம் டைல்ஸ். ராத்திரி அரசம்பழம் தின்ன வர்ற வௌவாலுக்கு ஃபோகஸ் லைட் போட்டு என்ன கூத்து காட்டப் போறீங்க?

உளிக்காரன்:
பலா வைரம் பாஞ்சதா இருந்தா நிக்கும், வீணைக்கே போற மரம். முந்திரிக் கட்டையை இந்நேரம் கரையான் தின்னு முடிச்சிருக்கும். பார்த்து வாங்குங்க.

புதுவை சைக்கிள்:
கட்டைக்குக் கன்று என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெர்மனியின் காசெல் நகரத்தில் யோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-ல் இதைத்தான் செய்தார். 7,000 எரிமலைக் கல் தூண்களை அருங்காட்சியகத்து வாசலில் குவித்துவிட்டார். ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். குவியல் அசிங்கம் என்று ஊரே திட்டியது. குறைய வேண்டுமென்றால் நட்டுத்தானே ஆகவேண்டும்! அவர் 1986-ல் இறந்தார், கடைசி மரத்தை மறு வருடம் மகன் நட்டார். அவ்வளவு தூரம் போவானேன், புதுச்சேரிப் பக்கத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இன்றும் நிற்பது கூட்டம் வருவதால்தான். ஆளே போகாத காடாக இருந்திருந்தால் எப்போதோ பிளாட் போட்டிருப்பார்கள்.

வேர்பிடி:
காடு நிக்கிறது சாமிக்குப் பயந்து சார், கலைக்கு இல்ல. காசெல்ல புயலும் கரையைக் கடக்காது. இங்க வச்ச கன்னு சித்திரை வெயில் தாண்டணும், ஆடு தாண்டணும். குடுக்கறதுன்னா பாதிரிக் கன்னு குடுங்க, பாடலீஸ்வரர் கோயில் தலமரம். ஊருக்குள்ள வேற எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?

முந்திரிக்காடு:
எல்லாரும் வேரைப் பத்தியே பேசுறீங்க. மரத்தடி பொது இடம்னு யார் சொன்னது? எங்க ஊர் ஆலமரத்து மேடையில பஞ்சாயத்துன்னா எங்க தாத்தா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத் தள்ளி நிப்பாரு. ஒருநாள் உக்காந்தது இல்ல. இப்ப கட்டையில பேர் பொறிக்கப் போறீங்களாம். யார் பேரு? தோப்பு வச்சிருந்தவங்க பேரு. பட்டா இருந்தவங்களுக்கு நிவாரணம்னு ஒண்ணாவது இருந்துச்சு. முந்திரி புதுசா வச்சா காய்ப்புக்கு மூணு நாலு வருஷம். எங்கம்மா மாதிரி கொட்டை பொறுக்கிக் கூலி வாங்குனவங்க அந்த நாலு வருஷம் எங்கெங்க வேலை தேடிப் போனாங்கன்னு எந்தக் கட்டையில எழுதுவீங்க?

கெடிலக்கரை:
சரி, ஆள் பெயரே வேண்டாம். மரத்தின் பெயர் மட்டும் போடலாமா?

முந்திரிக்காடு:
நான் எடுக்கச் சொல்லலை, சேர்க்கச் சொல்றேன். பேரே இல்லாம போட்டா உங்களுக்குத்தான் சௌகரியம். முதல் பௌர்ணமிக்குக் கூலிக்குப் போன பொம்பளைங்க நாலு பேர் வந்து பேசட்டும். கீழ இல்ல, கட்டை மேல உக்காந்து. பாட்டெல்லாம் அப்புறம்.

வேர்பிடி:
பேசட்டும், மைக் வேண்டாம். கட்டையை அடிமரத்துலேர்ந்து பத்தடி தள்ளிப் போட்டு, நடுவுல சருகு பரப்புங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க.

கெடிலக்கரை:
பத்தடி தள்ளினால் ஒரு பக்கம் ரோட்டுக்கு வந்துவிடும். மாநகராட்சி விடாது.

வேர்பிடி:
அப்ப அரைவட்டமா போடுங்க.