பழைய ஸ்டீல் மவுண்டன் பைக்குக்கு சஸ்பென்ஷன் ஃபோர்க் தேவையா?

செம்மண்: அண்ணன் ஓட்டிய 90களின் ஆரம்பத்து ஸ்டீல் மவுண்டன் பைக் வீட்டில் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரம், கேண்டிலீவர் பிரேக் (இரண்டு கைகள் ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் கேபிள் பிரேக்). முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அதிர்வை வாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது. ஃப்ரேமில் துருவோ விரிசலோ இல்லை. மண் பாதையில் ஜாலியாக ஓட்டத்தான். 100 மி.மீ. வரை அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் போடலாமா?

இரும்புக்குதிரை: போடாதீர்கள். அந்தக் கால ஃப்ரேம்கள் குட்டையான ஃபோர்க்குக்காக வடிவமைத்தவை. 100 மி.மீ. ஃபோர்க் போட்டால் முன்பக்கம் சில அங்குலம் தூக்கிவிடும். ஹேண்டில் மெதுவாகத் திரும்பும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், ஃப்ரேமின் கழுத்துப் பகுதிக்கும் பாரம் கூடும். இன்று விற்கும் பல ஃபோர்க்குகள் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான். அதனால் பிரேக், முன்சக்கரம் எல்லாம் மாற்ற வேண்டி வரும்.

கல்பாதை: ஃபோர்க் பொருந்தாது என்பது சரி. ஆனால் அதற்கான பதில் பழையதையே ஓட்டுவது அல்ல நண்பரே. சஸ்பென்ஷன் வெறும் சொகுசுக்காக வந்ததல்ல. கல்லில் முன்சக்கரம் துள்ளும்போது டயருக்குத் தரையில் பிடி இல்லை. அந்த நொடியில் பிரேக்கும் வேலை செய்யாது, திருப்பவும் முடியாது. அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பைக்) பாருங்கள் தம்பி.

இரும்புக்குதிரை: மவுண்டன் பைக்கே இப்படித்தான் பிறந்தது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் ரீபேக் பந்தயம் தொடங்கியபோது ஓடியவை பழைய ஷ்வின் மாதிரி கனமான சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறக்கம் முடிவதற்குள் அந்த பிரேக் இருக்கும் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். ரீபேக் (மறுபடி அடைப்பது) என்ற பெயரே அதனால்தான் வந்தது. சுமார் 2 மைல் இறக்கத்தை கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் முடித்தார், சஸ்பென்ஷன் இல்லாமல்!

கல்பாதை: அதே ஆட்கள் அந்த சைக்கிளோடு நின்றுவிடவில்லையே. மறு வருடமே ஜோ ப்ரீஸ் புது ஃப்ரேம் கட்ட ஆரம்பித்தார். பழையது போதும் என்றால் ஏன் கட்டினார்?

இரும்புக்குதிரை: நல்ல கேள்வி. அவர் எதை மாற்றினார் என்று பாருங்கள்: ஃப்ரேம், கியர், கேண்டிலீவர் பிரேக். ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் சேர்க்கவில்லை. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் சஸ்பென்ஷன் ஃபோர்க் கடைக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை மலையில் இறங்கியவர்கள் எல்லோரும் முழங்கையை மடக்கி, பெடலில் எழுந்து நின்று, கல்லுக்கு நடுவே வழி பார்த்து ஓட்டினார்கள். எனக்கு அதுதான் இந்த சைக்கிளின் சுகமே. வேகம் குறைவு, ஆனால் பாதையின் ஒவ்வொரு கல்லையும் நீங்களே தீர்மானித்துக் கடக்கிறீர்கள்.

கல்பாதை: அந்தச் சுகத்தை மறுக்கவில்லை. பெரிய கல் இறக்கத்துக்கு அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

செம்மண்: எங்கள் பக்கம் செம்மண்தான் அண்ணா, கல் கொஞ்சம். அப்படியானால் ஃபோர்க்கைத் தொடவில்லை. வேறு எதில் செலவு செய்யலாம்?

இரும்புக்குதிரை: முதலில் டயர். ஃப்ரேமில் இடம் இருந்தால் 2.1 அங்குலம், காற்று 30 பி.எஸ்.ஐ. அளவில். குலுக்கல் பாதி அதிலேயே அடங்கும். அப்புறம் பிரேக் கட்டை, கேபிள்.

கல்பாதை: கேண்டிலீவரை எடுத்துவிட்டு வி-பிரேக் (நீளமான கைகளோடு இன்னும் வலுவாகப் பிடிக்கும் ரிம் பிரேக்) போடுங்கள், அதே இடத்தில் மாட்டும். லீவரையும் வி-பிரேக்குக்கு உரியதாக மாற்ற வேண்டும். பழைய லீவர் போதுமான அளவு கேபிளை இழுக்காது. ரிம்மின் பக்கச் சுவர் குழிந்து தேய்ந்திருந்தால் அந்த ரிம்மை ஓட்டவே வேண்டாம்.