ஸ்க்விட் ப்ராக்ஸி: ஹோஸ்ட்நேம், டிஎன்எஸ், ரூட்டிங் சிக்கல்கள் – பலரின் அனுபவப் பகிர்வு

ஸ்க்விட் (பயனர்களுக்கும் இணையத்துக்கும் இடையே நிற்கும் ப்ராக்ஸி மென்பொருள்) தொடங்கும்போது அதன் பதிவுக் கோப்பான கேச்.லாக்கில் "இந்த இயந்திரத்தின் பொதுப்பெயர் தெரியவில்லை, விசிபிள்_ஹோஸ்ட்நேம் கொடுங்கள்" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை விழும். பழைய பதிப்புகள் இதைச் சொல்லிவிட்டு நின்றே போகும். புதியவை எச்சரித்துவிட்டு ஓடுவதால் பலர் கண்டுகொள்வதில்லை. கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) ஒரு வரி சேர்த்தால் எச்சரிக்கை மறையும். இயந்திரத்தின் பெயர் குழம்பிக் கிடப்பது அப்படியே இருக்கும். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

'ஹோஸ்ட்நேம் -எஃப்' அடித்துப் பாருங்கள். டொமைனோடு முழுப்பெயர் வர வேண்டும். வராவிட்டால் ஹோஸ்ட்நேம்சிடிஎல் வழியாகப் பெயர் வைத்து, /எட்சி/ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் திருத்துங்கள். டெபியன், உபுண்டுவில் 127.0.1.1 என்று தொடங்கும் வரி இதற்கானது. அதில் முழுப்பெயர் முதலிலும் குறும்பெயர் அடுத்தும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் குறும்பெயரே முழுப்பெயராகத் திரும்பி வரும். கோப்பைத் திருத்த மறந்தால் சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) ஒவ்வொரு முறையும் "ஹோஸ்ட்டை அறிய முடியவில்லை" என்று முனகும், அது ஓர் அடையாளம். கிளவுட் இயந்திரமாக இருந்தால் ரீபூட் ஆனதும் பழைய பெயர் திரும்பி வரலாம். கிளவுட்-இனிட் (தொடக்கத்தில் இயந்திரத்தை அமைக்கும் கருவி) கான்ஃபிகில் ப்ரிசர்வ்_ஹோஸ்ட்நேமை 'ட்ரூ' ஆக்கினால் நிற்கும்.

•••

மேலே சொன்னதோடு ஒன்று. ஒரு விஎம்-ஐ (மெய்நிகர் இயந்திரத்தை) குளோன் செய்து இரண்டாவது ப்ராக்ஸி போடுபவர்கள் விசிபிள்_ஹோஸ்ட்நேமை மாற்றாமல் விட்டு, ஒன்றை மற்றொன்றுக்கு பியராகவும் (கோரிக்கையை அனுப்பும் துணை ப்ராக்ஸியாகவும்) வைத்தால் "ஃபார்வர்டிங் லூப்" எச்சரிக்கை வரும். உண்மையில் சுற்று எதுவும் இருக்காது. கோரிக்கை கடந்து வந்த ப்ராக்ஸிகளின் பெயர் இருக்கும் வயா ஹெடரில் தன் பெயரையே பார்க்கும் ஸ்க்விட், கோரிக்கை தன்னிடமே திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. வெளியே ஒரே பெயர்தான் தெரிய வேண்டுமென்றால் விசிபிள் பெயரைப் பொதுவாக விட்டு, யூனிக்_ஹோஸ்ட்நேமை மட்டும் வேறுவேறாகக் கொடுங்கள். எச்சரிக்கை தொலையட்டும் என்று வயாவை ஆஃப் செய்வது தப்பு. நிஜமான லூப் வரும்போது கண்டுபிடிக்க வழியே இருக்காது.

•••

"சர்வரில் பிங் அடித்தால் பெயர் கிடைக்கிறது, ப்ராக்ஸி வழியாகப் போனால் 503 (சேவை கிடைக்கவில்லை) வருகிறது." இது அடிக்கடி கேட்கும் புகார். பெயருக்கான ஐபி முகவரியை அறிய பிங் சிஸ்டத்தின் ரிசால்வரைக் கேட்கிறது. ஸ்க்விட்டிடம் தனியாக ஒரு டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி தேடும்) கிளையன்ட் இருக்கிறது. பெயரை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பை அது சட்டை செய்வதில்லை. ரிசால்வ்.கான்ஃபில் உள்ள சர்ச் டொமைனையும் (குறும்பெயரோடு சேர்த்துத் தேட வேண்டிய டொமைன்) இயல்பாகப் பின்பற்றாது, டிஎன்எஸ்_டெஃப்நேம்ஸ் ஆன் செய்தால்தான் பின்பற்றும். 'இன்ட்ராநெட்' மாதிரி ஒற்றைச்சொல் பெயர்கள் மட்டும் திறக்கவில்லையா? காரணம் பெரும்பாலும் இதுதான். அதை ஆன் செய்யலாம், அல்லது அப்பெண்ட்_டொமைன் கொடுக்கலாம் (மதிப்பு புள்ளியில் தொடங்க வேண்டும்).

ஆகவே சோதிக்க பிங் வேண்டாம். ரிசால்வ்.கான்ஃபில் இருக்கும் அதே நேம்சர்வரைக் குறிப்பிட்டு 'டிக்' (டிஎன்எஸ் தேடல் கட்டளை) அடியுங்கள். அந்தக் கோப்பை மாற்றினால் ஸ்க்விட்டுக்குத் தானாகத் தெரியாது. 'ஸ்க்விட் -கே ரீகான்ஃபிகர்' கொடுக்க வேண்டும். அதற்கு முன் 'ஸ்க்விட் -கே பார்ஸ்' ஓட்டி கான்ஃபிகில் பிழை உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது. சரிசெய்த பிறகும் சிறிது நேரம் பழைய பிழையே வந்தால் பதற வேண்டாம், தோல்வியுற்ற தேடலை இயல்பாக 1 நிமிடம் நினைவில் வைத்திருக்கும்.

•••

நான் கான்ஃபிகைத் தொடுவதற்கு முன் அக்சஸ்.லாக்கைத்தான் (கோரிக்கைகளின் பதிவு) பார்ப்பேன். டிசிபி_டினைட்/403 என்றால் ஏசிஎல் (யாரை அனுமதிப்பது என்ற விதிகள்). நெட்வொர்க்கைக் குடைய வேண்டியதில்லை. டெபியன் பேக்கேஜில் லோக்கல்நெட்டை அனுமதிக்கும் வரி கமெண்டாகவே வரும், அதை எடுத்துவிடுங்கள். அந்த வரி 'டினை ஆல்' வரிக்கு மேலே இருக்க வேண்டும். 503 வந்து, வரியின் கடைசிப் பகுதியில் ஐபி முகவரி இருந்தால் பெயர் கிடைத்துவிட்டது, இணைப்பில்தான் கோளாறு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். வரியே விழவில்லை என்றால் கோரிக்கை ஸ்க்விட்டை எட்டவில்லை.

•••

முந்தைய பதிவின் கடைசி வரியில் (லாக்கில் வரி விழாவிட்டால் கோரிக்கை எட்டவில்லை என்பதில்) மட்டும் உடன்பாடில்லை. கோரிக்கை முடிந்த பிறகுதான் ஸ்க்விட் லாக் எழுதும். கனெக்ட் டனல் (ஹெச்டிடிபிஎஸ் போன்றவற்றுக்கான நேரடி வழி) ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், அது மூடும் வரை வரி விழாது. லாக் காலியாக இருந்தால் 'டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 3128' (ஸ்க்விட்டின் இயல்பு போர்ட்டில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும்) ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்:

சின் (இணைப்பு கோரும் பாக்கெட்) வந்ததும் ரீசெட் (மறுப்பு) போகிறது என்றால் அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' பாருங்கள், ஹெச்டிடிபி_போர்ட் 127.0.0.1-இல் மட்டும் கட்டப்பட்டிருக்கலாம். சின் திரும்பத் திரும்ப வந்தும் பதிலே போகவில்லை என்றால் அதே சர்வரின் ஃபயர்வாலை முதலில் பாருங்கள். சின்னுக்கு பதில் போகிறது, ஆனால் கிளையன்ட்டுக்குக் கிடைக்கவில்லை என்றால் எந்தக் கார்டு வழியாகப் போகிறது என்று கவனியுங்கள். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ப்ராக்ஸியில் இது சகஜம்: உள்கார்டில் வந்த சின்னுக்கு, டீஃபால்ட் கேட்வே இருக்கும் வெளிக்கார்டு வழியாகப் பதில் போய்விடும். உள்கார்டு இருக்கும் அதே சப்நெட்டில் இருப்பவர்களுக்கு வேலை செய்யும், ரூட்டருக்கு அப்பால் இருக்கும் 10.20.0.0/16-காரர்களுக்கு மட்டும் செய்யாது. டீஃபால்ட் கேட்வே வெளிக்கார்டில் ஒன்று மட்டும் போதும். உள் சப்நெட்டுகளுக்கு உள்கார்டு வழியாக ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள். இரண்டு கார்டுக்கும் கேட்வே கொடுப்பது தீர்வே அல்ல.

•••

விட்டுப்போன இரண்டு. ரெட்ஹேட் வகையில் போர்ட்டை மாற்றியதும் "பெர்மிஷன் டினைட்" என்று பைண்ட் (போர்ட்டைப் பிடிப்பது) தோற்றால் அது எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு). 'செமானேஜ் போர்ட்' கொண்டு புதிய போர்ட்டை ஸ்க்விட்_போர்ட்_டி வகையில் சேர்க்க வேண்டும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடாதீர்கள்.

விபிஎன் வழியாக வருபவர்களுக்குச் சின்னப் பக்கங்கள் திறந்து, பெரியவை பாதியில் நின்றால் காரணம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). பகுக்கத் தடைபோட்டு, ப்ராக்ஸியிலிருந்து அந்தக் கிளையன்ட்டுக்கு 'பிங் -எம் டூ -எஸ் 1472' அனுப்புங்கள். போகாவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1392 போகிறதென்றால் 28 பைட் தலைப்பைக் கூட்டி 1420. அந்த விபிஎன் சப்நெட்டுக்கான ரூட்டில் இதையே எம்டியுவாகக் கொடுங்கள். ப்ராக்ஸிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இணைப்பு தனி டிசிபி என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.