புதுப்பிப்பு: கோஸ்டா ரிகா பயணம், மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி

இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்காவின் பல நுழைவு பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா இருந்தால் கோஸ்டா ரிகாவுக்குத் தனி விசா வேண்டாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது அப்படியே நிற்கிறது. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக்கு நேரே 'எம்' (M) இருக்கிறதா என்று பாருங்கள். '1' என்றிருந்தால் இந்தச் சலுகை இல்லை. பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

அப்போது விட்டுப்போனது ஊசி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. பிரேசில், பெரு போன்ற நாடுகளைச் சுற்றிவிட்டு கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் இறங்குபவர்களிடம் மஞ்சள் அட்டை, அதாவது ஊசி போட்டதற்கான சர்வதேசச் சான்றிதழ், கேட்பார்கள். ஊசி போட்டுக்கொண்ட 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, மருந்தின் தொகுப்பு எண்ணும் (batch number) முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

திரும்பும்போதும் கவனம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கோஸ்டா ரிகாவின் பக்கத்து நாடான பனாமா இருக்கிறது. அங்கே ஊருக்குள் போய்விட்டு 6 நாளுக்குள் அட்டையில்லாமல் இந்தியா வந்தால் உங்களைத் தனிமைப்படுத்தலாம்.

இன்னொன்று: கோஸ்டா ரிகாவைவிட்டு வெளியேறும் டிக்கெட் இல்லையென்றால் புறப்படும் ஊரின் செக்-இன் கவுண்டரிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். அச்சுப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.