போருக்குப் போன குதிரை பத்தி பையன் கேக்குறான்

ஈசூன் அம்மா: பையன் தொடக்கநிலை 4. முதல் உலகப் போர் பத்திப் படிச்சதுலேர்ந்து, பண்ணையில ஒரு பையன் வளத்த குதிரைய ராணுவம் கொண்டுபோனா அந்தப் பையன் என்னம்மா செஞ்சிருப்பான்னு தூங்காம கேக்குறான், என்னங்க சொல்றது?

தேக்கா அண்ணன்: 1914ல பிரிட்டன்ல நெஜமாவே அப்படித்தான் எடுத்தாங்க சிஸ்டர். ஆனா சில பிள்ளைங்க எங்க குட்டைக் குதிரைய விட்டுருங்கன்னு போர் அமைச்சர் கிச்சனருக்கே லெட்டர் போட, 5 அடிக்குக் குறைஞ்ச குதிரைய எடுக்க மாட்டோம்னு பதில் வந்துச்சு! இத சொல்லுங்க.

ஜூரோங் வாசகி: மீதியையும் மறைக்காதீங்கக்கா. ஏறக்குறைய 80 லட்சம் குதிரைங்க செத்துச்சு, குண்டடி மட்டுமில்ல, சேறு, பசி, நோய். பொழச்சதுலயும் நிறைய போர் நடந்த நாடுகள்லயே வித்துட்டாங்க. எங்க தாத்தா ஊர்ல உழவு மாட்ட வித்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலயாம், அத சொன்னப்பதான் என் மகளுக்குப் புரிஞ்சுது.

ஈசூன் அம்மா: சொன்னேன், அழுதான். இப்ப அந்தக் குதிரைக்கு லெட்டர் எழுதிட்டிருக்கான்.