பெரியப்பா காட்டிய துரு

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை

நான், மாலை 6:40
[படம்]
மூன்று வாரமாக உட்கார்ந்து செய்கிற பிளாஸ்டிக் மாடல் வண்டி. நேற்று பெயிண்டால் துருவும் அழுக்கும் போட்டேன். எங்கேயோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி, 6:44
அழகாக இருக்கிறதே! ஹெலிகாப்டரா?

நான், 6:49
இல்லை சித்தி, உலகத்தில் எங்கும் இல்லாத வண்டி. ஜப்பானில் கோ யொகொயாமா என்று ஒரு கலைஞர். 1982ல் ஹாபி ஜப்பான் இதழில் ஒரு தொடர் ஆரம்பித்தார். 29ஆம் நூற்றாண்டில் நடக்கிற போர்க் கதை. அதில் வரும் வண்டிகளை, கடையில் விற்கும் டாங்கி, விமான மாடல் கிட்டுகளின் உதிரிகளை ஒட்டி ஒட்டிக் கையாலேயே செய்தார். இப்போது மஷினென் க்ரீகர் என்று அதற்குப் பெயர். இது அதில் ஃபால்க்கே என்ற வண்டி. ஒற்றை ஆள் ஓட்டுவது. சக்கரம் கிடையாது, புவியீர்ப்பை எதிர்த்து மிதந்து போகும். ஹசெகாவா கம்பெனி கிட், 1/20 அளவு, அதாவது நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு.

சிங்கப்பூர் அண்ணன், 6:52
எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. நிஜ வண்டி மாதிரியே இருக்கிறது.

அம்மா, 6:55
சாப்பிட வா. தோசை ஆறுகிறது.

கரூர் பெரியப்பா, 7:20
கண்ணு, கிட்டத்தில் வைத்து இன்னும் மூன்று படம் எடுத்துப் போடு. கதவு ஓரம், மேல்பக்கம், அடிப்பக்கம்.

நான், 7:31
[படம்] [படம்] [படம்]

கரூர் பெரியப்பா, 7:46
பார்த்தேன். நிறம் நன்றாக விழுந்திருக்கிறது, கை சுத்தம். ஆனால் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. துரு அப்படி வராது. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே வரும். பஸ்ஸில் ஜன்னல் ரப்பருக்குக் கீழே வரும், தகடும் தகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் வரும், படிக்கட்டின் ஓரத்தில் வரும். நடுத் தகட்டில் சும்மா வராது. யாராவது இடித்திருந்தால்தான் வரும்.

கரூர் பெரியப்பா, 7:52
இன்னொன்று. இந்த வண்டி எந்த உலோகம்? பறக்கிற வண்டியை முழுக்க இரும்பில் செய்வார்களா? அலுமினியத் தகட்டில் சிவப்புத் துரு வரவே வராது. பெயிண்ட் உரிந்தால் வெள்ளையாகத் தெரியும், நாள்பட்டால் சுண்ணாம்பு மாதிரி பூக்கும். எங்கள் பஸ் பட்டறையில் சட்டம் இரும்பு, மேல் தகடு அலுமினியம். இரண்டும் பழசாகிற விதமே வேறு.

நான், 7:58
பெரியப்பா, இடித்தது இதுதான்! உலோகம் என்னவென்று நான் யோசிக்கவே இல்லை. பழுப்பை எடுத்தேன், ஸ்பாஞ்சால் ஒற்றினேன், அவ்வளவுதான்.

தங்கை, 8:01
ஸ்பாஞ்சாலா பெயிண்ட் அடிக்கிறாய்?

நான், 8:09
பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு, டிஷ்யூவில் முக்கால்வாசியை ஒற்றி எடுத்துவிட்டு ஓரங்களில் தொட்டுத் தொட்டு எடுப்பேன். பெயிண்ட் பெயர்ந்த மாதிரி புள்ளிகள் விழும். இன்னொரு வழியும் உண்டு. முதலில் துரு நிறம் அடித்து, காய்ந்ததும் அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் வண்டியின் நிறம். அப்புறம் வெந்நீரைத் தொட்டுக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே கரைந்து, மேல் நிறம் பெயர்ந்து வரும். அடியில் இருக்கும் துரு தெரியும். மேல் நிறம் அக்ரிலிக்காக இருக்க வேண்டும்.

தங்கை, 8:10
என் ஸ்ப்ரே டப்பா எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

நான், 8:11
புதிது வாங்கித் தருகிறேன்.

கரூர் பெரியப்பா, 8:25
ஹேர் ஸ்ப்ரே விஷயம் அருமை. நிஜமாகவே பெயர்த்து எடுப்பதால் நிஜம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் பெயர்ந்த இடத்தில் உடனே துரு தெரியாது. மேல் பெயிண்ட், அதற்குக் கீழே பட்டி பார்த்திருந்தால் பட்டி, அதற்குக் கீழே துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு, கடைசியில்தான் தகடு. புதுக் கீறல் என்றால் மேல் நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். ஆழமான அடி என்றால் நடுவில் உலோகம், சுற்றிலும் மெல்லிசாக ரெட் ஆக்சைடு வளையம். பழைய அடி என்றால்தான் துரு. மூன்றும் கலந்து இருந்தால் வண்டிக்கு வயசு தெரியும்.

நான், 8:33
இதையே நாங்கள் வேறு மாதிரி செய்வோம். முதலில் உடம்பு நிறத்தைவிட வெளிறிய நிறத்தில் கீறல், பிறகு அதற்குள்ளே மட்டும் கருநிறம். ஏன் அப்படி என்று இன்றைக்குத்தான் புரிகிறது. அளவும் ஒரு சிக்கல் பெரியப்பா. 1/20 என்றால் நான் வைக்கிற 1 மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் 2 சென்டிமீட்டர். 1/72 அளவில் அதே புள்ளி 7 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஸ்பாஞ்ச் கொஞ்சம் அழுந்தினாலும் தேங்காய்மூடி அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

கரூர் பெரியப்பா, 8:36
அப்படியானால் நுனி மெலிந்த 000 நம்பர் பிரஷ்ஷை எடு. ஸ்பாஞ்சை விடு.

சித்தப்பா, 8:40
அண்ணா, சக்கரமே இல்லையே. அப்புறம் சேறு எங்கிருந்து வரும்?

கரூர் பெரியப்பா, 8:58
நல்ல கேள்வி. சக்கரம் இருந்தால் சேறு பக்கவாட்டில் விசிறி மாதிரி தெறிக்கும். இதில் அது கூடாது. இறங்கும்போது அடியிலிருந்து தூசு கிளம்பும், அது அடிப்பக்கம் முழுக்கப் படியும், மேலே போகப் போகக் குறையும். அப்புறம் ஏறுகிறவன் செருப்புக்கால் பட்ட இடத்தில் மண் இருக்கும். பறக்கும்போது காற்று அழுக்கைப் பின்னால் இழுக்கும், நிற்கும்போது மழை கீழே இழுக்கும். கறை இரண்டு திசையிலும் போக வேண்டும். இப்போது எல்லாமே கீழே மட்டும் போகிறது.

கரூர் பெரியப்பா, 9:04
கை படுகிற இடத்தை மறந்துவிடாதே. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தட்டித் தட்டி, கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் இருக்கும். அங்கே பெயிண்ட் தேய்ந்து போயிருக்கும், ஆனால் துரு இருக்காது. தினமும் கை பட்டுப் பட்டு எண்ணெய் பூசின மாதிரி மினுமினுக்கும். டிரைவர் முழங்கை வைக்கிற ஜன்னல் விளிம்பும் அப்படித்தான். 34 வருஷத்தில் ரீபெயிண்டுக்கு வந்த எந்தப் பஸ்ஸிலும் அந்த இரண்டு இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். உன் வண்டியில் ஏறுகிறவன் எந்தக் கையால் எதைப் பிடித்து ஏறுவான்? முதலில் அதை முடிவு செய்.

நான், 9:07
இவ்வளவு நாள் இதையெல்லாம் உங்களிடம் கேட்காமல் இருந்திருக்கிறேனே பெரியப்பா.

அம்மா, 9:10
மாமா, அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தாச்சா?

கரூர் பெரியப்பா, 9:12
ஆச்சும்மா.

சிங்கப்பூர் அண்ணன், 9:20
போன வருஷம் ஒரு வண்டி உடைந்ததே, அது என்ன?

நான், 9:27
அது எனாமல் வாஷ். கருப்பும் பழுப்பும் கலந்து தின்னரில் தண்ணீர் மாதிரி நீர்த்து, கோடுகளில் ஓடவிடுவோம். பள்ளங்களில் மட்டும் தங்கும். அக்ரிலிக் பெயிண்டை அது கரைக்காது, அதனால் பயமில்லாமல் ஊற்றிவிட்டேன். மூட்டுகளில் தேங்கி உள்ளே இறங்கியது. இறுக்கிப் பொருத்தின பிளாஸ்டிக்கில் தின்னர் போனால் வெடித்துவிடும். மறுநாள் ஒரு கால் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இப்போதெல்லாம் முதலில் பளபளப்பு வார்னிஷ், காய்ந்த பிறகு நுனிப் பிரஷ்ஷால் கோட்டில் மட்டும் தொடுவேன், மிச்சத்தை உடனே துடைத்துவிடுவேன்.

கரூர் பெரியப்பா, 9:30
தின்னரைத் தேங்கவே விடாதே.

ஞாயிற்றுக்கிழமை

நான், இரவு 8:15
[படம்] [படம்]
பழைய துருவின் மேலேயே உடம்பு நிறம் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கவசத் தகடு இரும்பு, மூடிகளெல்லாம் அலுமினியம் என்று வைத்துக்கொண்டேன். மூடிகளின் ஓரத்தில் வெள்ளிப் புள்ளி மட்டும், துரு இல்லை. ஓட்டுகிறவன் வலது கைக்காரன். கதவு விளிம்பில் அவன் உள்ளங்கை படுகிற இடத்தில் பெயிண்டைத் தேய்த்து மெலிசாக்கி, பென்சில் முனைத் தூளை விரலால் தேய்த்தேன். இரும்பு மாதிரியே மினுங்குகிறது. எரிபொருள் மூடிக்குக் கீழே எண்ணெய்ச்சாயம் ஒரு கோடு வைத்து, பத்து நிமிஷம் விட்டு, தின்னர் தொட்ட பிரஷ்ஷால் பின்பக்கமாக இழுத்தேன்.

தங்கை, 8:18
அந்தக் கை வைக்கிற இடம்! நிஜமாக யாரோ ஏறி இறங்கின மாதிரி இருக்கிறது.

கரூர் பெரியப்பா, 8:41
கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கதவு சரி. கறை சரி. டீசல் வழிந்த இடத்தில் தூசு ஒட்டும், அந்தக் கோட்டின்மேல் கொஞ்சம் மண் நிறம் வை. பக்கவாட்டில் சிவப்பில் எழுதின எண் புதிதாக இருக்கிறது. வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும்.

நான், 8:43
செய்கிறேன். அடுத்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு கரூர் வருகிறேன் பெரியப்பா.

கரூர் பெரியப்பா, 8:45
வா. வரும்போது அந்தச் சின்ன பிரஷ்ஷையும் பெயிண்டையும் எடுத்து வா. அடிப்பக்கத்துத் தூசை நான் போடுகிறேன்.